ஆட்டம் முடிந்த பிறகு

பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்த தமிழர், அலுவலகத்தில் தமக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் பஞ்சாபியரோடும் வங்காளியரோடும் தயக்கமின்றிப் பேசத் தொடங்கும் முதற்பொருள் பெரும்பாலும் கிரிக்கெட்டாகவே இருக்கிறது. இந்தி வினைச்சொற்களின் ஆண்பால் பெண்பால் வேறுபாடு நாவில் படிய ஈராண்டு ஆகலாம். ஆனால் வெங்கட்ராகவனைப் பற்றியும், ஸ்ரீகாந்தைப் பற்றியும், அசுவினைப் பற்றியும் பேசுவதற்கு இலக்கணம் வேண்டுவதில்லை. பெயரைச் சொல்லிக் கையை அசைத்தாலே போதும். எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். ஊரை விட்டு வந்த நம்மவர்க்கு இவ்விளையாட்டு ஒரு பொதுமொழியாகவே அமைந்துவிட்டது.

அப்பொதுமொழியில் சில நாட்களில் கசப்பான சொற்களும் கலந்துவிடுகின்றன. நேற்றுவரை நூறு ஓட்டங்கள் எடுத்ததற்காகப் போற்றப்பட்ட ஒருவர், இன்று காவல் நிலையத்தின் பெயரோடு சேர்த்துச் செய்தித்தாளில் வருகிறார். மதுக்கூடத்தில் கைகலப்பு என்கிறார்கள். சூதாட்டத் தரகரோடு தொடர்பு என்கிறார்கள். பெண்களை இழிவுபடுத்திப் பேசினார் என்கிறார்கள். அத்தகைய செய்தி ஒன்று வந்த இரவில் நம் மகன் உணவருந்திக்கொண்டே, "அப்பா, அவரை இனிமே டீம்ல எடுப்பாங்களா?" என்று கேட்டான். அவனைவிட இளையவளான நம் மகள், "அடி வாங்கினவர் யாருப்பா?" என்றாள். முதற்கேள்விக்கு மறுநாள் செய்தித்தாள்களில் பத்திபத்தியாக விடை இருந்தது. இரண்டாவது கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. இக்கட்டுரை அவ்விரண்டாவது கேள்வியிலிருந்து பிறந்தது என்று சொல்லலாம்.

இத்தகைய நிகழ்ச்சிகளின்போது நம் நாட்டில் இரு சாரார் குரல் எழுப்பக் காண்கிறோம். 'ஆடுகளத்தில் அவர் என்ன செய்தார் என்பதே நமக்கு வேண்டியது. பாடகரின் குரலைக் கேட்கிறோமேயன்றி அவர் வீட்டு வாழ்க்கையையா துருவுகிறோம்?' என்பார் ஒரு சாரார். 'நாட்டின் சட்டையை அணிந்தவர் தவறு செய்தால் மன்னிப்பே கூடாது. செய்தி வந்த அன்றே விரட்டிவிட வேண்டும்' என்பார் மற்றொரு சாரார். ஆழ்ந்து நோக்கின், இவ்விரு சாராரும் ஒரே வேலையைத் தவிர்க்கின்றனர். அது விசாரிக்கும் வேலை. ஒருவர் விசாரணைக்கு முன்பே மன்னித்துவிடுகிறார். மற்றவர் விசாரணைக்கு முன்பே தண்டித்துவிடுகிறார்.

முதலில், ஆடுகளத்துக்கு வெளியே நிகழும் குற்றங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதைத் தெளிதல் வேண்டும். அணியின் கட்டுப்பாட்டை மீறும் குற்றம் ஒருவகை: இரவு நேரம் கடந்து விடுதிக்குத் திரும்புதல், கூட்டத்துக்கு வாராதிருத்தல் போன்றவை. இவற்றால் பாதிக்கப்படுவது அணியே. ஆதலின் அணியே கண்டிக்கலாம், அணியே மன்னிக்கலாம். ஆட்டத்தையே விலைபேசும் குற்றம் இரண்டாம் வகை. இங்கே ஏமாற்றப்படுபவர், சீட்டு வாங்கி வந்து அமர்ந்திருக்கும் பார்வையாளர் அனைவரும் ஆவர். மூன்றாம் வகை, வெளியில் உள்ள ஒரு மனிதருக்கு இழைக்கப்படும் தீங்கு: அடித்தல், அவமதித்தல், பெண்ணிடம் முறைகேடாக நடத்தல் முதலியன. இம்மூன்றையும் 'ஒழுங்கீனம்' என்னும் ஒரே சொல்லால் மூடிவிடுவதால்தான் சிறு குற்றத்துக்குப் பெருந்தண்டனையும், பெருங்குற்றத்துக்குச் சிறு கண்டனமும் நேர்கின்றன.

விசாரணையின்றி விதிக்கப்பட்ட தண்டனைக்கு நம் கிரிக்கெட் வரலாற்றிலேயே ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1933ஆம் ஆண்டு பம்பாயில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே 118 ஓட்டங்கள் எடுத்து, இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தவர் லாலா அமர்நாத். 1936இல் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது, விஸ்ஸி என்று அழைக்கப்பட்ட ஆந்திரத்து விஜயநகரம் மகாராஜகுமார் அணித்தலைவராக இருந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில், மட்டையாடக் காலுறை அணிந்து காத்திருந்த அமர்நாத்துக்கு முன்னால் வேறு பலர் அனுப்பப்பட்டனர். வெகுநேரம் கழித்து ஆடித் திரும்பிய அவர், உடை மாற்றும் அறையில் சாதனங்களை வீசியெறிந்து பஞ்சாபி மொழியில் ஏதோ சினந்து கூறினார். முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டார். குற்றம் சாட்டியவர் அணித்தலைவரும் மேலாளரும், தீர்ப்புரைத்தவரும் அவர்களே.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் போமாண்ட் தலைமையில் பின்னர் அமைந்த குழு, 1937இல் தன் அறிக்கையை அளித்தது. அணித்தலைவரின் தலைமையைக் கடுமையாகக் குறைகூறிய அவ்வறிக்கை, அமர்நாத்தைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. ஆனால் பயன் என்ன? அடுத்துப் போர் மூண்டது. இந்தியா 1946 வரையில் டெஸ்ட் ஆட்டமே ஆடவில்லை. 1934இல் தம் மூன்றாம் டெஸ்டை ஆடிய அமர்நாத், நான்காம் டெஸ்டை ஆடியது 1946இல். ஒரு தொடரை இழந்தவர்க்கு அது பன்னிரண்டு ஆண்டு இடைவெளியாக விடிந்தது. அவர்தாம் பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அணித்தலைவரானார். 1952இல் இதே தில்லியின் கோட்லா மைதானத்தில் பாகிஸ்தானை வென்று, இந்தியாவின் முதல் தொடர் வெற்றிக்கும் வழிகாட்டினார் என்பது வரலாறு தந்த ஆறுதல். எல்லோர்க்கும் அத்தகைய ஆறுதல் வாய்ப்பதில்லை. ஆராயாது விதித்த ஒரு தண்டனைக்காக உயிரையே விட்ட பாண்டியனின் கதையைச் சிலப்பதிகாரத்தில் கேட்டு வளர்ந்த நமக்கு, விசாரணை முன்னும் தண்டனை பின்னும் வரவேண்டும் என்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிபவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகள் நம் மேசையின் வழியே சென்று வருகின்றன. அரசு அலுவலகம் என்றாலே சிவப்பு நாடா என்று நகைப்பவர் உண்டு. நகைப்புக்கு இடமும் உண்டு. எனினும், தவறு செய்த ஒருவரை எவ்வாறு நடத்துவது என்பதில் நம் அலுவலகங்களின் 1965ஆம் ஆண்டு விதிகள், கோடிக்கணக்கில் பணம் புரளும் கிரிக்கெட் வாரியத்துக்கும் பாடம் சொல்லும் தகுதி உடையன என்று நாம் துணிந்து கூறுவோம்.

அவ்விதிகளின்படி சஸ்பென்ஷன் என்பது தண்டனை அன்று. விசாரணை தடையின்றி நடக்கும்பொருட்டு ஒருவரைப் பணியிலிருந்து விலக்கி வைப்பதே அதன் நோக்கம். அந்நாட்களில் அவர் வீட்டு அடுப்பு அணையாதிருக்க, பாதிச் சம்பள விடுப்பில் கிடைக்கும் அளவுக்குப் பிழைப்பூதியம் கொடுக்கப்படுகிறது. 90 நாட்களுக்குள் அந்த ஆணையை மறுஆய்வு செய்யாவிட்டால் அது தானே செல்லாததாகிவிடும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தவர், தனி ஆணை வேண்டாமலே சஸ்பெண்டு ஆனவராகக் கொள்ளப்படுகிறார். ஆனால் அதனாலேயே குற்றவாளி ஆகிவிடுவதில்லை. குற்றம் இன்னதென்று எழுத்தில் தரவேண்டும். அதற்கான ஆவணங்களின் பட்டியலும் சாட்சிகளின் பட்டியலும் உடன் வரவேண்டும். விசாரிப்பவர் வேறு, குற்றத்தை எடுத்துரைப்பவர் வேறு. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால், கண்டனம் முதல் பணிநீக்கம் வரை படிப்படியாகத் தண்டனைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் எந்தப் படியைத் தாண்டினாலும் நீதிமன்றம் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும்.

இவ்வளவு ஏற்பாடும் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு கடைநிலை ஊழியருக்கு உண்டு. நாட்டின் சட்டையை அணியும் ஆட்டக்காரருக்கும், அவரால் துன்புற்றவர்க்கும் இல்லாமற் போகலாமா?

2019ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஹார்திக் பாண்டியா, கே. எல். ராகுல் ஆகிய இருவரும் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் பேசிய பேச்சு, பெண்களை இழிவுபடுத்துவது என்று நாடெங்கும் கண்டிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் இருந்த அவ்விருவரும் சஸ்பெண்டு செய்யப்பட்டு நாடு திரும்ப நேர்ந்தது. நடவடிக்கை எடுத்தது சரியே. ஆனால் அதன்பின் விசாரிப்பது யார் என்ற கேள்வி எழுந்தபோது விடையில்லை. வாரியத்துக்கென ஆம்பட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளர் ஒருவர் அப்போது நியமிக்கப்பட்டிருக்கவில்லை. அவர் வரும்வரை இருவரையும் காத்திருக்கச் செய்வது முறையன்று எனக் கருதி, அம்மாதம் 24ஆம் நாள் சஸ்பென்ஷன் விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னர் உச்சநீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி டி. கே. ஜெயினை அப்பதவிக்கு நியமித்தது; ஏப்ரல் மாதத்தில் அவர் தலைக்கு 20 இலட்சம் ரூபாய் செலுத்தப் பணித்தார். அதில் 10 இலட்சம், பணியின்போது உயிர்நீத்த துணைநிலைப் படைக் காவலர் பதின்மரின் மனைவியர்க்கு. மீதி 10 இலட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு. அபராதம் வாரியத்தின் பெட்டிக்குள் போகாமல் எளியோர் கைக்குப் போகச் செய்த அத்தீர்ப்பில் நயம் உண்டு. ஆயினும் தாகம் எடுத்த பின் கிணறு வெட்டிய கதைதான் அது. நீதிபதி இல்லாத இடத்தில் செய்தியாளரின் கூச்சலே நீதிபதியாகிவிடுகிறது.

தண்டனையின் அளவைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் தில்லிக் காவல்துறை வெளியிட்ட செய்தி, ஆட்டங்கள் விலைபோகும் உண்மையை உலகுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு இறுதியில் முகம்மது அசாருதீனுக்கு வாரியம் வாழ்நாள் தடை விதித்தது. அப்போது அவருக்கு வயது 37. ஆடி முடித்திருந்தவை 99 டெஸ்டுகள். 2012இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் அத்தடை சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது 49. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்னும் வழக்கை நாம் ஈண்டு எழுப்பவில்லை. செய்திருந்தால், பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் தடை நீங்கியது பார்வையாளர்க்கு அநீதி. செய்யவில்லையாயின், பன்னிரண்டு ஆண்டு கழித்து நீங்கியது அவர்க்கு அநீதி. முறையான விசாரணை காலத்தில் நடவாதபோது இருபுறமும் அநீதியே எஞ்சுகிறது. நம்மைப் போன்ற எழுத்தருக்குப் பணிக்காலம் முப்பத்தைந்து ஆண்டு. ஓராண்டு சஸ்பென்ஷனில் கழிந்தாலும் எஞ்சியவை உண்டு. வேகப்பந்து வீசுபவரின் வாழ்வோ பத்து ஆண்டுதான். அவர் வழக்கில் ஒவ்வொரு மாதத்துக்கும் விலை அதிகம்.

ஸ்ரீசாந்தின் வழக்கு இதனினும் தெளிவானது. 2013 ஐ.பி.எல். ஆட்டங்களின்போது கைதான அவருக்கு, அவ்வாண்டு செப்டம்பரில் வாரியம் வாழ்நாள் தடை விதித்தது. 2015இல் தில்லி நீதிமன்றம் அவரைக் குற்ற வழக்கிலிருந்து விடுவித்தது. 'நீதிமன்றமே விடுவித்த பின் வாரியத்துக்கு என்ன வேலை?' என்று பலர் கேட்டனர். நம் அலுவலகத்திலும் அடிக்கடி எழும் கேள்வியே இது. சிறைக்கு அனுப்பத் தேவைப்படும் சான்றின் அளவு வேறு. ஒரு நிறுவனம் தன் ஊழியரைத் தண்டிக்கத் தேவைப்படும் சான்றின் அளவு வேறு. ஆதலின் நீதிமன்றத்தில் விடுதலையானவரையும் துறை விசாரணை தண்டிக்கலாம். 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஸ்ரீசாந்தின் குற்றத்தை மறுக்கவில்லை. குற்றத்தின் சூழ்நிலைகளை எடைபோடாமல் வாழ்நாள் தடை விதித்ததையே தவறு என்றது. தண்டனையின் அளவை மறுபடி ஆராயுமாறு பணித்தது. அதன்படி தடை ஏழாண்டாகக் குறைந்து, 2020 செப்டம்பரில் முடிவுற்றது. 37ஆம் வயதில் அவர் மீண்டும் கேரள அணிக்காகப் பந்து வீசியதைத் தொலைக்காட்சியில் கண்டோம். வேகம் குறைந்திருந்தது, ஆனால் தண்டனைக்கு ஒரு முடிவு இருந்தது. முடிவு இல்லாத தண்டனை சீர்திருத்துவதில்லை.

பிறநாடுகளும் இவ்வழியில் இடறியும் எழுந்துமே நடக்கின்றன. 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரத் தெருச்சண்டையில் கைதான பென் ஸ்டோக்ஸ், அந்த ஆண்டின் ஆஸ்திரேலியப் பயணத்தை இழந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. எனினும் இங்கிலாந்தின் ஒழுங்கு ஆணையம் தனியே விசாரித்து, 8 ஆட்டத் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் விதித்தது. ஏற்கெனவே இழந்த ஆட்டங்களைக் கழித்துக்கொண்டது. கணக்குத் தீர்ந்தது. 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் ஆடிய ஆட்டத்தை யாரும் முணுமுணுப்பின்றிப் பாராட்ட முடிந்ததற்கு அக்கணக்குத் தீர்ந்திருந்ததே காரணம். 2022 நவம்பரில் சிட்னியில் ஒரு பெண்ணின் புகாரின்பேரில் கைதான இலங்கை ஆட்டக்காரர் தனுஷ்க குணதிலகவை, அந்நாட்டு வாரியம் உடனே சஸ்பெண்டு செய்தது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்லர் என்றதும், அடுத்த மாதமே தடையை நீக்கியது. புகார் கூறியவரின் சொல்லை அலட்சியம் செய்யாமலும், குற்றம் சாட்டப்பட்டவரை முன்கூட்டியே குற்றவாளியாக்காமலும் ஒரு வாரியம் நடந்துகொள்ள இயலும் என்பதற்கு இதுவே சான்று.

இவையெல்லாம் பெரிய இடத்துச் செய்திகள் என்று வாசகர் எண்ணலாம். சிறிய இடத்திலும் நியாயம் இதுவே என்பதற்கு நாம் கண்ட ஒன்றைச் சொல்வோம். தெற்குத் தில்லியில் நாம் வாழும் அரசுக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பத்து இளைஞர்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் ஆடும் அணி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாம் அதன் செயலாளராக இருந்தோம். குடியிருப்புகளுக்கு இடையிலான போட்டியில் கால்இறுதியை வென்ற அன்று மாலை, அணியின் தலைசிறந்த வேகப்பந்து வீச்சாளனான இளைஞன், தன் மோட்டார் சைக்கிளை ஆடுகளத்தின் குறுக்கே ஓட்டிச் சென்றான். மைதானத்தைப் பெருக்கிச் சுண்ணாம்புக் கோடு போடும் முதியவர் அவனைத் தடுத்தார். பீகாரிலிருந்து வந்து முப்பது ஆண்டாக அந்த மண்ணைப் பேணுபவர் அவர். அவன் அவரைத் தள்ளினான்; விழுந்ததில் அவருடைய மணிக்கட்டுப் பிசகியது. அத்தோடு நில்லாமல், வயதில் மூத்தவரிடம் எவரும் சொல்லத் தகாத சொற்களையும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு அரையிறுதி. அவனை விட்டால் நமக்குப் பந்துவீச வேறு ஆள் இல்லை. அன்றிரவே அவன் தாயார் நம் வீட்டு வாசலில் நின்றார். "அண்ணா, ஊர் விட்டு ஊர் வந்த இடத்துல நம்ம பிள்ளையை நாமே விட்டுக் கொடுக்கலாமா? அந்தப் பெரியவருக்கு ஐயாயிரம் ரூபா குடுத்துடுறோம்" என்றார். அவர் கண்ணீரில் பொய் இல்லை. அந்நிய மண்ணில் வாழ்வோர்க்கு 'நம் பிள்ளை' என்னும் சொல்லின் கனம் என்ன என்பதை நாமும் அறிவோம். வாடகைக்கு வீடு தேடும்போதும், மருத்துவமனை வாசலில் நிற்கும்போதும் நமக்குத் துணை நின்றவர்கள் நம்மவர்களே. "நம்ம பிள்ளைங்கறதாலதான் அம்மா நாம விசாரிக்கிறோம். இல்லேன்னா போலீஸ் விசாரிக்கும்" என்று மட்டும் கூறி அனுப்பினோம்.

அணியைச் சேராத மூவர் விசாரிக்க அமர்ந்தனர்: ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தணிக்கைத் துறை ஊழியர் ஒருவர், அக்கம்பக்கத்துப் பஞ்சாபிப் பெரியவர் ஒருவர். விசாரணை முடியும்வரை இளைஞன் ஆடவேண்டாம் என்று முடிவாயிற்று. முதலில் முதியவரைக் கேட்டார்கள். தம் கையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "கை பதினைந்து நாளில் ஆறிவிடும் பாபுஜி. என் பேரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்" என்றார். பணம் வேண்டுமா என்றதற்கு, மருந்துச் செலவு போதும் என்றார். பேரன் எதிரில் நடந்ததற்குப் பேரன் எதிரிலேயே பதில் வேண்டும் என்றார். பிறகு இளைஞனையும், பார்த்தவர் நால்வரையும் விசாரித்தார்கள். இரண்டு ஆட்டத் தடை, மருத்துவச் செலவு, சிறுவனின் முன்னிலையில் இந்தியில் மன்னிப்பு, நான்கு ஞாயிறு காலையில் முதியவரோடு சேர்ந்து மைதான வேலை என்று தீர்ப்பாயிற்று. நடந்ததும் தீர்ப்பும் ஒரு தாளில் எழுதப்பட்டு, இருவரும் கையெழுத்திட்டனர்.

அரையிறுதியில் 11 ஓட்ட வேறுபாட்டில் தோற்றோம். அதற்காக நம்மிடம் ஒரு மாதம் பேசாதிருந்தவர்களும் உண்டு. அவ்விளைஞன் தண்டனை முடிந்து மறுபடி ஆடினான். எவரும் பழையதைச் சொல்லிக் காட்டவில்லை. அவன் அடியோடு மாறிவிட்டான் என்று கதை சொல்ல நமக்குத் தெரியாது. மைதானத்து எல்லை வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான் என்பதை மட்டும் கண்டிருக்கிறோம்.

சிறிதும் பெரிதுமான இவ்வனுபவங்களிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, விசாரிப்பவர் அணியின் வெற்றி தோல்வியில் பங்கு இல்லாதவராய் இருத்தல் வேண்டும். அணித்தலைவரையும் பயிற்சியாளரையும் நீதிபதியாக்குவது அவர்களுக்கே இழைக்கும் கொடுமை. அடுத்த வாரம் அவனைக் கொண்டுதான் அவர்கள் வெல்ல வேண்டும். இரண்டாவது, விசாரணை மன்றம் குற்றம் நிகழும் முன்பே இருக்க வேண்டும்; விசாரணைக்குக் காலவரையறையும் வேண்டும். மூன்றாவது, விலக்கி வைத்தலைத் தண்டனையென்று எண்ணவோ அறிவிக்கவோ கூடாது. தண்டனை உறுதியானால் அக்காலத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். நான்காவது, செல்வம் மிகுந்தவர்க்கு அபராதம் மட்டும் விதிப்பது தண்டனையாகாது. ஆட முடியாமற் போவதே அவரை உறுத்தும்.

ஐந்தாவதாக ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். அலுவலகங்களில் ஒருவர்மீது வழக்கு நடத்த மனமில்லாதபோது, அவரைத் தொலைவான ஊருக்கு மாற்றிவிடுவார்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை, முடிவும் இல்லை. கிரிக்கெட்டில் இதற்கு நேரானது, 'ஆட்டத்திறன் குறைந்துவிட்டது' என்று காரணம் காட்டி ஓசையின்றி ஒருவரை நீக்குவது. குற்றமற்றவராயின் அவர் தம் பெயரை மீட்க வழியில்லை. குற்றவாளியாயின் அவரால் துன்புற்றவர்க்கு நீதி கிடைத்ததாக அறிவிப்பும் இல்லை. புறங்கூற்று மட்டும் வாழ்நாள் முழுதும் தொடரும். நீக்குவதாயின் காரணத்தை எழுத்தில் கூறி நீக்குக. சேர்ப்பதாயின் கணக்குத் தீர்ந்தது என்று அறிவித்துச் சேர்த்துக்கொள்க.

நட்சத்திர ஆட்டக்காரருக்கும் பன்னிரண்டாம் ஆளுக்கும் ஒரே அளவுகோல் என்பது சொல்லாமலே விளங்கும். குற்றத்தை ஆராய்ந்து, எவர் பக்கமும் சாயாது முறை செய்வதே செங்கோன்மை என்று வள்ளுவர் வகுத்தது அரசர்க்கு மட்டும் உரியதன்று. அணியைத் தேர்ந்தெடுப்பவர்க்கும், ஞாயிற்றுக்கிழமை அணியின் செயலாளருக்கும் அது பொருந்தும்.

ஆட்டக்காரரின் திறமை அணிக்கு உரியது. அதனைப் பயன்படுத்தவும், வேண்டாமென்று விலக்கவும் அணிக்கு உரிமை உண்டு. ஆனால் அவரால் துன்புற்றவரின் மானம் அணியின் உடைமை அன்று. பிறர்க்கு நேர்ந்த தீங்கை மன்னிக்கும் அதிகாரத்தை எந்த வாரியத்துக்கும், எந்தத் தேர்வுக்குழுவுக்கும், எவ்வளவு பெரிய வெற்றியும் அளித்துவிடாது. துன்புற்றவரை முதலில் அழைத்துக் கேட்பதிலிருந்தே நியாயம் தொடங்குகிறது. பிறமொழியார் நடுவே வாழும் நம் பிள்ளைகள், 'நம்மவர்' என்னும் சொல்லுக்குப் பொருளை நம் நடத்தையிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். நம்மவர் தவறு செய்தால் மறைத்துவிடுவோம் என்று கற்பதா, நம்மவர் தவறு செய்தால் நாமே முதலில் கேட்போம் என்று கற்பதா என்பதை இப்பெருநகரத்தில் சங்கம் வைத்துத் தமிழ் வளர்க்கும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.